சர்வர் ஏன் படுத்துவிடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் சர்வர்களை முடக்கும் மென்பொருள் ஓட்டைகள் ('டாஸ்', அதாவது சேவையை முடக்கும் ஓட்டைகள் என்பார்கள்) பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். லட்சக்கணக்கான கணினிகளைத் திரட்டிக்கொண்டு வந்து ஒரு தளத்தை அமுக்குகிற கூட்டத் தாக்குதல் வேறு கதை. அதற்குப் பதில் பெரும்பாலும் பணம்தான். நான் பேசப்போவது, ஒற்றை ஆள் ஒற்றைக் கணினியில் உட்கார்ந்துகொண்டு பெரிய சர்வரைச் சாய்க்க முடிகிற சங்கதி. சர்வர் மேய்ப்பதே என் பிழைப்பு என்பதால் சில இடங்களில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பொறுத்தருள்க.

கே: சர்வரை முடக்கினால் தளம் கொஞ்ச நேரம் திறக்காது, அவ்வளவுதானே? தகவல் எதுவும் களவு போகவில்லை. இதை எதற்குப் பாதுகாப்பு ஓட்டை என்று சேர்க்கிறார்கள்?
– கணினி அறிவியல் மாணவி

ப: பல நிறுவனங்களில் மேலதிகாரிகளே இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்கிற கதை பைண்ட் கதை.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தருகிற டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்களில் மிகப் பழையதும் மிகப் பரவலானதும் பைண்ட். 2015 ஜூலையில் அதில் சிவிஇ-2015-5477 என்ற ஓட்டை வெளியானது (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குப் பொதுவாகப் போடும் வரிசை எண்). டிகீ என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. அன்றாடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி வந்தால் பைண்ட் அந்தப் பாக்கெட்டின் (நெட்வொர்க்கில் வரும் தகவல் பொட்டலம்) ஒரு பகுதியில் தேடும், அங்கே சரிப்படவில்லை என்றால் இன்னொரு பகுதியில் தேடும். இரண்டாவது தேடலுக்கு முன்னால் ஒரு மாறியைக் காலி செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தேடுகிற ஃபங்ஷன் வாசலிலேயே 'இந்த மாறி காலியாக இருக்கிறதா?' என்று சோதிக்கும். இல்லையென்றால் 'நடக்கக் கூடாதது நடந்துவிட்டது' என்று முடிவுகட்டி நிரலையே நிறுத்திவிடும். ஒரே ஒரு யுடிபி பாக்கெட், டிஎன்எஸ் காலி.

நிரல் தவறான நிலையில் தொடர்ந்து ஓடி விபரீதம் செய்துவிடக் கூடாது என்று போட்ட காவல்தான் இங்கே ஆளைக் கொன்றது. இன்னொன்று, யாருக்குப் பதில் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று கான்ஃபிக் கோப்பில் எழுதி வைத்திருந்தவர்களுக்கும் விமோசனம் இல்லை. அந்தச் சோதனை நடப்பதற்கு முன்பே இந்த நிரல் பகுதி ஓடிவிடுகிறது. 9.1.0 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை இது. பேட்ச் (திருத்தம்) போடுவதைத் தவிர வேறு வழியே கிடையாது என்று தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள்.

டிஎன்எஸ் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் தளம், மின்னஞ்சல், ஆப் எல்லாம் உயிரோடு இருந்தும் யாரும் அங்கே போய்ச் சேர முடியாது. தகவல் பத்திரமாக இருக்கிறது, உண்மைதான். யாருக்கும் கிடைக்காமல் பத்திரமாக இருக்கிறது.

கே: எங்கள் நிறுவனத் தளம் சில நாட்களாக மாலை நேரத்தில் திறப்பதே இல்லை. டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் சிபியு சும்மா கிடக்கிறது, மெமரி பாதி காலி. நெட்வொர்க் கிராஃபிலும் ஒன்றும் ஏறவில்லை. அக்சஸ் லாகிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஹோஸ்டிங் ஆட்கள் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறார்கள். அபாச்சி வெப் சர்வர், பழைய பதிப்பு. பேய் பிடித்திருக்கிறதா?
– சிறு நிறுவன சர்வர் நிர்வாகி

ப: பேயின் பெயர் ஸ்லோலோரிஸாக இருக்க நிறைய வாய்ப்பு. நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் அதற்குப் பொருந்துகின்றன.

2009 ஜூனில் ராபர்ட் ஹேன்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட முறை இது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சில ஹெடர் வரிகளை அனுப்பி, கடைசியில் ஒரு வெற்று வரி அனுப்பும். அந்த வெற்று வரி வந்தால்தான் 'கேட்டு முடித்துவிட்டார், இனி நாம் பேசலாம்' என்று சர்வருக்குத் தெரியும். ஸ்லோலோரிஸ் அந்த வெற்று வரியை அனுப்பாது. சில விநாடிகளுக்கு ஒருமுறை பொருளற்ற ஒரு ஹெடர் வரியைப் போட்டுவிட்டு, இன்னும் வரும், இன்னும் வரும் என்று இழுத்துக்கொண்டே இருக்கும். கவுன்டரில் நின்று 'அதாவது சார்... வந்து...' என்று ஆரம்பித்துவிட்டு வாக்கியத்தை முடிக்காத ஆளைப் போல. அவரைத் துரத்தவும் முடியாது, அடுத்தவரைக் கூப்பிடவும் முடியாது.

அபாச்சியின் பழைய பாணியான ப்ரீஃபோர்க்கில் ஒரு இணைப்புக்கு ஒரு ஒர்க்கர் (அதைக் கவனிக்கும் நிரல் பிரதி) என்று கணக்கு. வழக்கமான உச்சவரம்பு 256. ஆக, முடிக்காத வாக்கியத்தோடு 256 பேர் நின்றால் போதும், 257-ஆவதாக வருகிற உண்மையான வாடிக்கையாளர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒர்க்கர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்களே தவிர வேலை செய்யவில்லை. அதனால்தான் உங்கள் சிபியு சும்மா கிடக்கிறது. வருகிற டேட்டாவும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, கிராஃப் எப்படி ஏறும்?

லாக் ஏன் சுத்தமாக இருக்கிறது என்றும் கேட்பீர்கள். அபாச்சி ஒரு கோரிக்கையை முடித்த பிறகுதான் அக்சஸ் லாகில் எழுதும். முடியாத கோரிக்கைக்கு வரி ஏது? எர்ரர் லாகைத் திறந்து பாருங்கள். 'ஒர்க்கர் உச்சவரம்பை எட்டிவிட்டோம், வரம்பை உயர்த்துவது பற்றி யோசிக்கவும்' என்ற பொருளில் ஒரு வரி கிடக்கும். தயவுசெய்து அந்த ஆலோசனையைக் கேட்டு 256-ஐ 1,000 ஆக்கிவிடாதீர்கள். தாக்குபவருக்கு இன்னும் சில நூறு இணைப்பு திறப்பது ஒரு செலவே இல்லை. உங்களுக்கோ ஒவ்வொரு ஒர்க்கரும் மெமரி தின்னும். இப்போது தொங்குகிற சர்வர் அப்போது ஸ்வாப்பில் (மெமரி போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்தும் நிலை) போய் விழும்.

உறுதி செய்துகொள்ள அபாச்சியின் சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கம் நல்ல இடம். ஒவ்வொரு ஒர்க்கரும் என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கட்டம் கட்டிக் காட்டும். சாதாரண நாளில் கோடுகளும் புள்ளிகளும் நடுவே சில எழுத்துகளுமாக இருக்கும். ஸ்லோலோரிஸ் நாளில் கட்டம் முழுக்க 'ஆர்' என்ற ஒரே ஆங்கில எழுத்து. 'கோரிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஒரே சிக்கல், அந்தப் பக்கத்தைத் திறக்கவும் ஒரு ஒர்க்கர் வேண்டும்! எல்லாம் நிரம்பிய பிறகு அதுவும் திறக்காது. அப்போது இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையைப் போட்டு, 80, 443 போர்ட்டுகளில் எத்தனை இணைப்புகள் நிலைத்து நிற்கின்றன, எந்தெந்த ஐபி-யிலிருந்து என்று எண்ணிப் பாருங்கள்.

தீர்வு, பதிப்பை ஏற்றுங்கள். புதிய அபாச்சியில் ரெக்டைம்அவுட் மாட்யூல் சேர்ந்தே வருகிறது. ஹெடரை அனுப்ப 20 விநாடி தரும். ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தால் 500 பைட்டுக்கு ஒரு விநாடி வீதம் நீட்டி, 40-ஆவது விநாடியில் கதவைச் சாத்திவிடும். ப்ரீஃபோர்க்கை விட்டுவிட்டு ஈவென்ட் பாணிக்கு மாற முடியுமானால் மாறுங்கள். இல்லை, முன்னால் இன்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரைக் காவலுக்கு நிறுத்துங்கள். அது ஒரு இணைப்புக்கு ஒரு ஒர்க்கர் என்று ஒதுக்குவதில்லை. ஒரே ஒர்க்கர் ஆயிரக்கணக்கான அரைகுறை வாக்கியங்களை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மற்ற வேலையைப் பார்க்கும். கோரிக்கையை முழுதாக வாங்கிய பிறகே பின்னால் அனுப்பும் என்பதால் உங்கள் அபாச்சிக்கு இழுவை தெரியாது.

'ஒரு ஐபி-க்கு 10 இணைப்பு' என்று கண்ணை மூடிக்கொண்டு வரம்பு வைக்கச் சொல்கிற ஆலோசனைகளும் கிடைக்கும். ஜாக்கிரதை. மொபைல் நிறுவனங்கள் பல ஆயிரம் பேரை ஒரே ஐபி-க்குப் பின்னால் வைத்திருக்கின்றன. தாக்குபவரைத் தடுக்கப் போய் வாடிக்கையாளரைத் தடுப்பீர்கள்.

கே: இந்த வகைத் தாக்குதல் எப்போது தொடங்கியது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: முதல் எது என்று அடித்துச் சொல்வது கடினம், ஐயா. உலகம் விழித்துக்கொண்டது 1996 செப்டம்பரில். நியூயார்க்கில் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தைப் பல நாட்கள் படுக்க வைத்தார்கள். ஆயுதம், சின் வெள்ளம்.

இரண்டு கணினிகள் டிசிபி என்ற இணைப்பு முறையில் பேசத் தொடங்கும்போது மூன்று பாக்கெட் பரிமாற்றம் நடக்கும். 'பேசலாமா?', 'பேசலாம், நீ தயாரா?', 'தயார்'. சின் என்ற அந்த முதல் பாக்கெட் வந்ததுமே சர்வர் அதை ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருக்கும். அந்தப் பட்டியல் அன்று மிகச் சிறியது. பொய்யான அனுப்புநர் முகவரி போட்டு முதல் பாக்கெட்டை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால், பதில் யாருக்கோ போகும், மூன்றாவது வரவே வராது, பட்டியல் நிரம்பிவிடும்.

இதற்குக் குறியாக்க அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன தீர்வு எனக்கு இன்றும் பிடித்த ஒன்று. அதே மாதத்திலேயே சொன்னார். பட்டியலில் குறிக்கவே வேண்டாம். எப்படியும் இரண்டாவது பாக்கெட்டில் 32 பிட் வரிசை எண் ஒன்று அனுப்புகிறோம். குறித்து வைக்க வேண்டிய விவரத்தை ரகசியச் சாவியோடு கலந்து அந்த எண்ணிலேயே பொதித்து எதிராளியிடமே கொடுத்துவிடு. உண்மையான ஆளாக இருந்தால் மூன்றாவது பாக்கெட்டில் அது திரும்பி வரும். சரிபார்த்து உள்ளே விடு. வராவிட்டால் உனக்கு இழப்பு ஒன்றுமில்லை. சின் குக்கி என்று பெயர். இன்றைய லினக்ஸில் பட்டியல் நிரம்பும்போது இது தானாகவே வேலைக்கு இறங்கும்.

முன்பின் தெரியாத ஒருவருக்காக எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் செலவழிக்கலாம்? இந்தப் பக்கத்தில் வருகிற எல்லா ஓட்டைகளிலும், அந்தக் கேள்வியை யாரோ கேட்காமல் விட்டிருப்பார்கள்.

கே: சர்வர் மென்பொருள் செயலிழந்தால், லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி தானாகவே திரும்ப எழுப்பிவிடுகிறது. பிறகென்ன கவலை?
– பெயர் வேண்டாம் என்றவர்

ப: நீங்கள் எழுப்ப எடுக்கும் நேரத்தைவிடத் தாக்குபவர் அடுத்த பாக்கெட் அனுப்ப எடுக்கும் நேரம் குறைவு. தவிர, குறுகிய நேரத்தில் பலமுறை விழுந்தால் சிஸ்டம்டியே 'போதுமப்பா' என்று கைவிட்டுவிடும். அந்த வரம்பு எவ்வளவு என்று உங்கள் யூனிட் கோப்பில் பார்த்திருக்கிறீர்களா?

கே: பாஸ்வேர்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று படித்துவிட்டு, என் தளத்தில் நீள வரம்பை எடுத்துவிட்டேன். நண்பன் 'அது டாஸ் ஓட்டை' என்கிறான். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
– வெப் டெவலப்பர்

ப: நண்பன் சொன்னது சரி. 2013 செப்டம்பரில், பைதானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ ஃப்ரேம்ஒர்க் இதற்காகவே அவசரத் திருத்தம் வெளியிட்டது. பாஸ்வேர்டைச் சேமிக்கும் ஹாஷ் (திரும்பப் பிரிக்க முடியாத குறியீடாக மாற்றும்) முறைகளை வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி வடிவமைத்திருக்கிறார்கள், திருடனால் வேகமாக ஊகிக்க முடியாதபடி. ஜாங்கோ அப்போது பயன்படுத்திய முறையில் 1 மெகாபைட் நீளமுள்ள பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஏறத்தாழ ஒரு நிமிடம் சிபியு ஓட வேண்டியிருந்தது. அது சரியான பாஸ்வேர்டாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, தப்பு என்று கண்டுபிடிக்கவே அந்த ஒரு நிமிடம்! லாகின் பக்கத்தில் குப்பையை ஒட்டி அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். 4,096 பைட் என்று வரம்பு வைத்து அடைத்தார்கள்.

64 எழுத்து வரையாவது அனுமதிக்கச் சொல்கிறது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட். அதை அனுமதியுங்கள், இன்னும் தாராளமாகக்கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்காவது ஒரு கோடு போடுங்கள். அந்தச் சோதனை ஹாஷ் கணக்கிடுவதற்கு முன்னால் நடக்கிறதா, பின்னால் நடக்கிறதா என்றும் நிரலில் பாருங்கள். பின்னால் வைத்திருக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று ஹாஷ் மோதல். ஃபார்மில் வரும் புலங்களை உங்கள் மொழி ஒரு ஹாஷ் டேபிளில் (பெயரை வைத்துக் கணக்கிட்டு அறை அறையாகப் பிரித்து வைக்கும் பட்டியல்) போட்டு வைக்கும். எல்லாப் பெயர்களும் ஒரே அறையில் போய் விழும்படி பொறுக்கி அனுப்பினால், ஒவ்வொரு புதிய பெயரும் முன்னால் வந்தவை எல்லாவற்றோடும் ஒப்பிடப்படும். இரண்டு மடங்கு பெயருக்கு நான்கு மடங்கு வேலை. 2003-லேயே கிராஸ்பி, வாலக் என்ற இருவர் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். பெர்ல் மொழிக்காரர்கள் அந்த ஆண்டே திருத்திக்கொண்டார்கள். மற்ற பலர் கண்டுகொள்ளவில்லை. 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இரண்டு பேர் மேடையேறி பிஎச்பி, ஜாவா, பைதான், ஏஎஸ்பி டாட்நெட் என்று வரிசையாகச் சாய்த்துக் காட்டிய பிறகுதான் ஓட்டம். மைக்ரோசாஃப்ட் ஆண்டுக் கடைசியில், டிசம்பர் 29 அன்று, வழக்கமான நாளுக்குக் காத்திருக்காமல் பேட்ச் வெளியிட்டது. பிஎச்பி-யில் ஒரு கோரிக்கைக்கு 1,000 புலம் என்ற வரம்பு வந்ததும் அதன் பிறகுதான். பெரிய ஃபார்மில் கடைசிச் சில புலங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கே: தாக்குபவர் யாருமே இல்லாமல் இப்படி நடக்குமா?
– மென்பொருள் சோதனையாளர்

ப: நடந்திருக்கிறது. 2016 ஜூலை 20 அன்று, நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்தது. யாரோ ஒருவர் போட்ட பதிவில், நிரலுக்கு நடுவே ஒரு வரியில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்ட ஒரு ரீஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரம்) வைத்திருந்தார்கள். அது முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000-ஐயும் கடந்து போய், 'அடடா, இது வரிக் கடைசி இல்லையே' என்று திரும்பி வரும், இரண்டாவதில் தொடங்கி மறுபடி போகும், அப்புறம் மூன்றாவது. கூட்டிப் பார்த்தால் ஒரு வரிக்கு ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடு. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் வந்து நின்றது. முகப்பைத் திறந்த ஒவ்வொருவருக்கும் இந்த வேலை.

இதற்கு மேல்தான் வேடிக்கை. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று, கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்துகொடுக்கும் லோட் பேலன்சர் பார்ப்பது முகப்புப் பக்கத்தைத் திறந்துதான். முகப்பு இழுக்கவே, 'இந்த சர்வர் செத்துவிட்டது' என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கழற்றிவிட்டது. முகப்பு மட்டும் முடங்கியிருக்க வேண்டிய இடத்தில் தளமே போனது. உங்கள் உயிர்ச் சோதனை எந்தப் பக்கத்தைத் திறக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். கனமான பக்கமாக இருந்தால் மாற்றுங்கள்.

2019 ஜூலை 2 அன்று, பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 27 நிமிடம் உலகம் முழுக்கத் தள்ளாடியதும் இதே இனம்தான். தாக்குதலைத் தடுப்பதற்காகப் புதிதாகச் சேர்த்த ஒரு ஃபயர்வால் விதி. அதிலிருந்த ரீஜெக்ஸில் 'எதுவும், எத்தனையும்' என்று பொருள்படும் துண்டு அடுத்தடுத்து வந்தது. எல்லா இயந்திரங்களிலும் சிபியு 100 சதவீதத்தில் முட்டி நின்றது. காவல்காரரே கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

கே: எங்கள் ஸ்கேன் அறிக்கையில் டாஸ் ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் 7.5 என்றே மதிப்பெண் வருகிறது. காப்பி அடிக்கிறார்களா?
– தகவல் பாதுகாப்புத் தணிக்கைக் குழுவில் இருப்பவர்

ப: இல்லை, கணக்கே அப்படித்தான். ஓட்டையின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும் சிவிஎஸ்எஸ் முறையின் மூன்றாம் பதிப்புச் சூத்திரத்தில், நெட்வொர்க் வழியாக வரலாம், சுலபம், லாகின் வேண்டாம், யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம், ரகசியம் கசியாது, தகவல் மாறாது, சேவை முழுக்கப் போகும் என்று போட்டால் விடை 7.5. சர்வர் ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் பொருந்துகின்றன. ரகசியம் மட்டும் முழுக்கக் கசிந்து சேவை நிற்காமல் இருந்தாலும் அதே 7.5 தான், இதயத்தைப் பதற வைத்த ஹார்ட்பிளீடு ஓட்டைக்கும் அந்த எண்தான். எனவே எண்ணை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். விழுவது எது, அது விழுந்தால் கூடவே என்னென்ன விழும், திரும்ப எழ எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

கீட்ராப் என்ற ஓட்டை நல்ல உதாரணம். 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் அதீன் ஆய்வு மையம் வெளியிட்டது. டிஎன்எஸ் பதில் போலி இல்லை என்று டிஎன்எஸ்செக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறோமே, அங்கே ஓட்டை. ஒவ்வொரு சாவிக்கும் 16 பிட் அளவில் ஒரு அடையாள எண் உண்டு. இரண்டு சாவிக்கு ஒரே எண் அமைந்துவிட்டால்? எல்லாச் சாவியையும் போட்டுப் பார் என்றது தரநிலை. கையொப்பங்கள் பல இருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார். நல்ல மனசுதான்! ஒரே எண்ணில் நிறைய சாவியும் நிறைய கையொப்பமும் வைத்து ஒரு டொமைனைத் தயார் செய்தால், இதை அதால் பெருக்கி வருகிற அத்தனை கணக்கையும் ரிசால்வர் (நமக்காகப் பதிலைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்) போட வேண்டும். ஒரு பாக்கெட்டில் 16 மணி நேரம் வரை ஒரு ரிசால்வர் பேச்சு மூச்சற்றுப் போனது. பிழை ஒரு நிறுவனத்தின் நிரலில் இல்லை, 1999-இலிருந்து தரநிலையிலேயே இருந்தது. தரநிலையை நேர்மையாகப் பின்பற்றியவர்கள் எல்லாரும் மாட்டினார்கள். இதற்கும் மதிப்பெண் 7.5!

கே: பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையில் எச்டிடிபி/2 புதியது, வேகமானது, பாதுகாப்பானது என்றுதானே மாறினோம்? அதிலும் ஓட்டையா?
– ஸ்டார்ட்அப் ஒன்றின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்

ப: வேகமானது என்பது சரி. அந்த வேகத்தை எதிராளியும் வாங்கிக்கொள்வார்.

ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்பது அதன் சிறப்பு. ஒரே நேரத்தில் 100, 128 என்று சர்வர் வரம்பு வைத்திருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் கோரிக்கையை ரத்து செய்யலாம் என்ற வசதியும் உண்டு. 2023-ல் யாரோ இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். கேள், உடனே ரத்து செய், கேள், ரத்து செய். ரத்தான கோரிக்கை வரம்புக் கணக்கில் வராது, ஆகவே வரம்பு தாண்டவே தாண்டாது. ஆனால் ரத்து வருவதற்குள் சர்வர் வேலையை ஆரம்பித்திருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று கூகுள், கிளவுட்ஃப்ளேர், அமேசான் மூன்றும் ஒன்றாக அறிவித்தன. கூகுள் மீது வந்த தாக்குதலின் உச்சம் விநாடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். ராப்பிட் ரீசெட் என்று பெயர் வைத்தார்கள், சிவிஇ-2023-44487.

திருத்தத்தின் சாரம், ஒரு இணைப்பில் ரத்து அளவுக்கு மீறி வந்தால் அந்த இணைப்பையே துண்டித்துவிடு என்பதுதான். நீங்கள் பயன்படுத்தும் சர்வர் மென்பொருள், லோட் பேலன்சர், மொழியின் எச்டிடிபி லைப்ரரி என்று மூன்று இடத்திலும் திருத்தம் ஏறியிருக்கிறதா பாருங்கள். முன்னால் இருப்பது மட்டும் திருந்திவிட்டு, உள்ளே இருக்கிற சேவை பழையதாகவே வெளி உலகைப் பார்த்துக்கொண்டிருப்பது சகஜம்.

கே: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. எங்கிருந்தோ ஒரு டூலை இறக்கி வைத்துக்கொண்டு, பள்ளியின் தளம் 'தாங்குமா' என்று பார்க்கப்போகிறேன் என்கிறான். ஆர்வத்தைத் தடுக்கவும் மனமில்லை.
– ஒரு தாய்

ப: தடுத்துவிடுங்கள் அம்மா, இந்த ஒன்றை மட்டும். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சர்வரை முடக்குவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். 'சும்மா பார்த்தேன்' என்பது வாதமாக எடுபடாது. இறக்கிய டூலில் வேறென்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது.

ஆர்வம் வீணாக வேண்டாம். அவன் கணினியிலேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, வெளி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, ஒன்றில் பழைய அபாச்சியை ஓடவிடச் சொல்லுங்கள். டூல் வேண்டாம், மேலே சொன்ன 'முடிக்காத வாக்கியத்தை' அவனே பைதானில் எழுதட்டும். படுத்த சர்வரை எதை மாற்றினால் எழுப்பலாம் என்று கண்டுபிடித்தான் என்றால், எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.

கே: எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிவிட்டால் தொல்லை தீருமா?
– நிரலாளர்

ப: பாதி தீரும். நினைவகத்தைத் தப்பாகத் தொட்டு நிரல் சாகிற ரகம் பெருமளவு குறையும். ரஸ்ட், கோ மொழிகள் இரண்டின் வழக்கமான ரீஜெக்ஸ் இன்ஜின்களும் உள்ளீட்டின் நீளத்துக்கு ஏற்ற விகிதத்தில்தான் நேரம் எடுக்கும்படி கட்டப்பட்டவை, வெடிக்காது. ஆனால் வரம்பில்லாமல் மெமரி ஒதுக்கினால் எந்த மொழியிலும் சர்வர் சாகும். முடிவில்லாத சுழற்சியை எந்தக் கம்பைலரும் தடுக்காது. ரஸ்ட்டில் அன்ராப் (பிழை வந்தால் நிரலை நிறுத்திவிடும் கட்டளை) என்று எழுதிவிட்டு 'இங்கே பிழை வராது' என்று நினைக்கிற இடமெல்லாம் அந்தப் பைண்ட் கதைதான்.

கே: 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் மென்பொருள்) ஓட்டை வந்தபோது, பேட்ச் போட முடியாத ஒரு பழைய மெஷினில் லாகின்கிரேஸ்டைம் மதிப்பை 0 ஆக்கி வைத்தோம். இப்போது சில சமயம் எஸ்எஸ்எச் இணைப்பே கிடைப்பதில்லை. தொடர்பு உண்டா?
– சிஸ்டம் அட்மின்

ப: உண்டு. சிவிஇ-2024-6387-க்கு அந்த மாற்றுவழியைச் சொன்ன போதே, 'டாஸ் ஆபத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள்' என்று சேர்த்தே சொன்னார்கள். லாகின் செய்ய வருகிறவருக்கு வழக்கமாக 120 விநாடி அவகாசம். அதற்குள் முடிக்காவிட்டால் துண்டிப்பு. அந்தத் துண்டிப்பு நடக்கிற நிரல் பகுதியில்தான் ஓட்டை இருந்தது. 0 என்றால் அவகாசத்துக்கு எல்லையே இல்லை, துண்டிப்பும் இல்லை. ஓட்டை மூடியது, ஆனால் பாஸ்வேர்டு கேட்டதும் பேசாமல் நிற்கிற போட் (தானியங்கி நிரல்) ஒவ்வொன்றும் நின்றுகொண்டே இருக்கும். லாகினை முடிக்காத இணைப்புகளுக்கு வரம்பு வைக்கும் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸின் வழக்கமான அமைப்பில் அப்படி 10 பேர் சேர்ந்ததும் புதியவர்களில் 30 சதவீதத்தினரைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். 100 ஆகிவிட்டால் நீங்களே வந்தாலும் கதவு திறக்காது. உங்களுக்கு 'சில சமயம்' கிடைக்காமல் போவது அதனால்தான்.

பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளுக்குத் திருத்தம் எப்போதோ வந்துவிட்டது. முதலில் அதைப் போடுங்கள், பிறகு அந்த 0 வரியை நீக்கிவிட்டு எஸ்எஸ்எச்டி-யை ரீஸ்டார்ட் செய்யுங்கள். செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் ஒன்றை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து நுழைந்து பார்த்த பிறகு மூடுங்கள்.